மொட்டைமாடிச் சாவி

"இரும்பு மட்டும் கையில இருந்திருந்தா..." என்று லூர்து மாமா அன்றைக்கு ஆரம்பித்தார். வாசற்படியில் நின்று சொன்னாரா, உள்ளே அம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னாரா என்பது சவரிராயனுக்கு இப்போது நிச்சயமில்லை. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது, சளி கட்டிய குரல், கூடவே சுருட்டு வாடை. இருந்திருந்தா என்ன? அதற்கு ஒரு மறுபாதி இருந்தாக வேண்டும். மாமா எதையும் பாதியில் விடுகிற ஆளில்லை, சாப்பாட்டையும் சரி, சண்டையையும் சரி. யாராவது குறுக்கே வந்திருக்கலாம். கோயில் மணி அடித்திருக்கலாம். அல்லது மாமா முழுசாகச் சொல்லி முடித்திருந்து, பத்து வயசுப் பையனின் காதுதான் அந்த இடத்தோடு நின்றுபோயிருக்கலாம். நாற்பது வருஷம் ஆகப்போகிறது. இன்னும் அந்தப் பேச்சின் ஒரு முனை கையில் இருக்கிறது, இழுத்தால் மற்ற முனை வரமாட்டேன் என்கிறது. இப்போது அவன் உட்கார்ந்திருப்பது புதுச்சேரியில், குடும்ப நீதிமன்றத்தின் மாடி வராந்தாவில், ஜட்ஜம்மாவின் அறைக்கு எதிரே போட்டிருக்கும் மரப் பெஞ்சில். வலது கையை மூடி மடியில் வைத்திருக்கிறான். மூடிய கைக்குள் ஒரு மொட்டைமாடிச் சாவி. எதிரே சாத்திய கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மகள் எலீஸ், எட்டு வயசு, ஜட்ஜம்மாவோடு தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். இனிமேல் அவள் அப்பாவோடு இருப்பதா, பெரியம்மாவோடு இருப்பதா என்று இன்றைக்கு முடிவாகிவிடும், இடைக்கால ஏற்பாடு, வாரக் கடைசி, பண்டிகை நாள் என்கிற பேச்செல்லாம் முடிந்து, நிரந்தரமாக. வலிப்பு வருகிற ஒரு மனுஷன், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், ஒரு பெண் குழந்தையைத் தனியாக வளர்க்கத் தகுதி உள்ளவனா என்பதுதான் வழக்கு. மனுவில் அந்தச் சொல்லைத்தான் போட்டிருந்தார்கள், தகுதி என்று. பிரான்ஸில், லியோன் நகரத்தில், இருபது வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன் அவன். தகுதி என்றால் பரீட்சை வைத்துப் பார்ப்பார்கள், அதற்குப் பாடம் உண்டு, முந்தின ராத்திரி படித்துவிட்டுப் போகலாம். இதற்கு எதைப் படிப்பது?

சாவியை அவள்தான் கொடுத்துவிட்டுப் போனாள். பேர் கூப்பிடுகிற டவாலி அம்மா வெளியே வந்து, எலீஸ் பாப்பா யாரு, ஜட்ஜம்மா கூப்புடுறாங்க என்றதும் எழுந்து போனவள், பாதி தூரத்தில் திரும்பி வந்து, கவுன் பாக்கெட்டுக்குள் கையை விட்டு எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஒவ்வொரு விரலாக மடக்கினாள். "நான் வர்ற வரைக்கும் தொறக்கக் கூடாதுப்பா" என்றாள். பக்கத்துப் பெஞ்சில் தாலிச்சரட்டைப் பல்லில் கடித்தபடி உட்கார்ந்திருந்த பெண் அதைப் பார்த்துச் சிரித்தாள், ஏதோ அப்பா பொண்ணு விளையாட்டு என்று நினைத்திருப்பாள். எலீஸின் எல்லா உடுப்பிலும் பாக்கெட் உண்டு. பாக்கெட் இல்லாததை அவள் போடமாட்டாள். போன மே மாதம் கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளை கவுன் தைக்கக் கொடுத்தபோது டைலர், புதுநன்மை உடுப்பில் எந்த ஊரிலும் பாக்கெட் வைப்பதில்லை, இடுப்பில் மடிப்பு கெட்டுவிடும் என்று மன்றாடிப் பார்த்தார். இவள் கடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் வைத்தார்கள். அவள் பெரியம்மா பிலோமி அக்கா அன்றைக்குச் சிரித்துக்கொண்டே, கோயில்ல போயி மிட்டாய் திருடப்போறியாடி என்று கேட்டாள். நற்கருணை வாங்க நாக்கை நீட்டியபோதுகூட அவள் ஒரு கை பாக்கெட்டின் மேல் இருந்தது. பின்னால் குனிந்து நின்ற சவரிராயனுக்கு மட்டும் அது தெரிந்தது. தெரிந்ததும் அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெருமையாக இருந்ததை நினைக்கத்தான் இப்போது கூசுகிறது.

வலிப்பு வந்தவன் கையில் திணிக்கிற இரும்புக்கு ஒரு சக்தியும் கிடையாது. பௌதிகத்தில் இல்லை, வைத்தியத்திலும் இல்லை. முதல் தடவை வந்தபோது லியோனில் ஒரு டாக்டரம்மா, நரைத்த முடியைப் பையன் மாதிரி வெட்டிக்கொண்டவள், அவனையும் அவன் பெண்டாட்டி மதலேனையும் உட்காரவைத்துச் சொன்னாள்: கையில் எதையும் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், காத்திருங்கள், தானாக நிற்கும். வெளியே டிராமுக்கு நிற்கும்போது மதலேன், இவ்ளோதானா, நான் என்னமோ பெருசா படிக்கணும்னு பயந்துட்டேன் என்றாள். அவள் இருந்தவரை அந்த வியாதிக்கு அந்த ஊர்ப் பாஷையில்தான் பேர். அந்த மொழியில் சொல்லும்போது அது ஒரு சங்கதி, மாதவாடகை மாதிரி, கட்டிவிட்டு மறந்துவிடலாம். தமிழில் வலிப்பு என்று வாயெடுத்ததும் தெருவே எட்டிப் பார்க்கிறது. மதலேன் போன பிறகு, மார்பில் வந்த கட்டி அவளைக் கொண்டுபோன பிறகு, மனுஷர்கள் பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். வந்த வருஷமே பெரிய மார்க்கெட்டில் மீன்கடை ஈரத்தில் விழுந்தான். விழுந்தது தெரியாது, எழுந்தது தெரியும். கையில் ஒரு சாவிக்கொத்து, தலைமாட்டில் ஒரு மீன்காரம்மா, "பாத்தியா பாப்பா, இரும்பக் குடுத்தேன், நின்னுபோச்சா இல்லியா, இனிமே பயப்புடாத" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எலீஸ் சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படியும் நிற்கிற நேரத்துக்குத்தான் அது நின்றது என்று அன்றைக்கே அவன் சொல்லியிருக்கலாம். அந்த அம்மா முகத்துக்கு எதிரே சொல்லமுடியவில்லை, வீட்டுக்கு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தான். வீட்டுக்கு வந்தபோது குழந்தை டியூஷன் மேஜையில் இருந்த அவனுடைய காந்தத்தை எடுத்துவைத்துக்கொண்டு வீட்டிலிருந்த சாவிகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தாள். வாசல் சாவி ஒட்டவில்லை, பித்தளை. பீரோ சாவி ஒட்டவில்லை, வெறும் முலாம். சைக்கிள் சாவி ஒட்டியது, ஆனால் ரொம்பச் சின்னது, போதாது என்றாள். மொட்டைமாடிக் கதவின் பழைய சாவி, துரு ஏறியது, டக்கென்று போய்க் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. "இது நிஜ இரும்பு" என்று தூக்கிக் காட்டினாள். அவன் என்ன செய்தான்? வாத்தியார் புத்தி. சபாஷ் என்றான். உப்புத்தாள் கொண்டுவந்து துருவைத் தேய்த்துக் கொடுத்தான்.

அவன் அம்மாவுக்கும் வலிப்பு உண்டு, அவளுக்கு இருந்தது டிரங்குப் பெட்டிச் சாவி. நீளமாக, மண்டையில் வளையத்தோடு, சமையல்கட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, சிப்பாய். எங்கேயோ மணல் காட்டிலிருந்து பணம் வரும், போட்டோ வரும், ஆள் வரமாட்டார். வீட்டில் அம்மாவும் அவனும்தான். அம்மாவின் கண் ஒரு மாதிரி ஜன்னல் பக்கம் போய் நிற்கும், அவன் ஆணிக்கு ஓடுவான். இறுகிப்போன கையைத் திறப்பது லேசில்லை. கட்டைவிரலில் ஆரம்பித்தால் ஒரு ஆண்பிள்ளையாலும் முடியாது, சுண்டுவிரலிலிருந்து பிரிக்கவேண்டும், சுண்டுவிரல் வந்தால் மோதிரவிரல் தானாக வரும். இதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. எலீஸுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. போன வருஷம் ஒருநாள் மயக்கத்திலிருந்து மேலே வரும்போது, தண்ணீருக்கடியிலிருந்து பார்க்கிற மாதிரி, தன் சுண்டுவிரலை யாரோ நோகாமல் பிரிப்பதை அவன் உணர்ந்தான், ஒரு கணம் தான் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று தெரியவில்லை, படுத்திருப்பது யார், பிரிப்பது யார். மாமா அந்தக் காலத்தில் அடிக்கடி வந்து, பையனை நான் கூட்டிட்டுப் போறேன், நெல்லித்தோப்புல எங்க வீட்டுல கிடக்கட்டும், இங்க இந்தக் கோலத்துல எதுக்கு என்பார். அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொன்னாள். "என் புள்ள என்கூடத்தான் இருக்கும்ணா." அதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டு அவன் அடைந்த சந்தோஷம் இருக்கிறதே. அம்மா அன்றைக்குச் சரி என்று சொல்லியிருந்தால் அவன் அவளை மன்னித்திருப்பானா? மாட்டான். அதில் சந்தேகமே இல்லை. சந்தேகமே இல்லை என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே கைக்குள் சாவி சூடாகி வேர்க்கிறது.

அம்மா வலிப்பில் செத்துப்போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். இதில் ஒரு தப்பும் இல்லை. எத்தனையோ வருஷமாக அவனே வக்கீலாகவும் அவனே ஜட்ஜாகவும் இருந்து இதைத் தீர்த்துவைத்திருக்கிறான்: பத்து வயசு, வேலை நாள், மத்தியானம், வகுப்பில் ஒப்பித்தல் நடந்துகொண்டிருந்தது, ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை, அவன் முறை வந்தது, எழுந்து நின்று தப்பில்லாமல் ஒப்பித்தான், உட்காரும்போது வாத்தியார் தலையை ஆட்டினார். அந்த நேரம்தான் என்று பிற்பாடு கணக்குப் பண்ணினார்கள். சாவி ஆணியிலேயே தொங்கியது. எடுத்துக் கொடுக்க ஆளில்லை. அவ்வளவுதான் விஷயம். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை, சொன்னால் சண்டைபோட்டு முடித்திருக்கலாம். மாமாவும் குறையாகச் சொல்லவில்லை, துக்க வீட்டில் வாயில் வந்ததைச் சொன்னார். இரும்பு மட்டும் கையில இருந்திருந்தா. பொழச்சிருப்பா, என்பதா? இந்நேரம் எழுந்து உக்காந்து காப்பி கேட்டிருப்பா, என்பதா? இல்லை, இருந்திருந்தாலும் விதி முடிஞ்சா முடிஞ்சதுதான், என்று போயிருக்குமா, போயிருந்தால் எவ்வளவு நல்லது. ஒரு லீவுக்கு வந்தபோது, கல்யாணமாகி மீசை நரைக்க ஆரம்பித்திருந்த காலத்தில், அதைக் கேட்பதற்கென்றே நெல்லித்தோப்புக்குப் போனான். மாமா சாய்வுநாற்காலியில் இருந்தார். கேட்டதும் கண்ணை இடுக்கி யோசித்தார். "நானா? நான் அப்படியா சொன்னேன்? எனக்கு அந்த இரும்பு கிரும்புலயெல்லாம் நம்பிக்கையே கிடையாதேடா" என்றார். பிறகு பையில் என்ன பாட்டில் கொண்டுவந்திருக்கிறான் என்று விசாரித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அன்று ராத்திரி காய்ச்சல் கண்டது. சொன்னவரே மறந்துவிட்ட ஒன்றை யாரிடம் போய்த் திருப்பிக்கொடுப்பது. மாமாவும் போய்ச் சேர்ந்தார்.

வாசனை வருகிறதா? அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். வலிப்பு வருவதற்கு முன்னால் அவனுக்கு எப்போதும் ஒரு வாசனை வரும், ஈரச் சாக்பீஸ் வாசனை, தண்ணீர் பட்ட சுண்ணாம்பு. வந்தால் கொஞ்ச நேரம்தான் இருக்கும், அதற்குள் உட்கார்ந்துவிடவேண்டும், கண்ணாடியைக் கழற்றிவிடவேண்டும். இப்போது வருகிற மாதிரி இருக்கிறது. ஆனால் வராந்தாச் சுவருக்குப் புதுசாக வெள்ளையடித்திருக்கிறார்கள், தரையோரத்தில் இன்னும் சொட்டு சொட்டாகக் கிடக்கிறது, அது சுவரிலிருந்து வருகிற வாசனையாகவும் இருக்கலாம். மூக்கை எப்படி நம்புவது. இங்கே, இத்தனை பேருக்கு நடுவில், ஜட்ஜம்மா வாசலில் விழுந்தால் அதற்குமேல் வாதம் பிரதிவாதம் ஒன்றும் தேவையில்லை, வழக்கு அந்த இடத்தில் முடிந்தது. வக்கீல் மணவாளன் கீழே வேறொரு கோர்ட்டில் இருக்கிறார், கூப்பிட்டால் ஓடிவருவதாகச் சொல்லியிருக்கிறார். காலையில் அவர் சொன்னதைத்தான் மனசு திரும்பத் திரும்பப் புரட்டுகிறது: கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டால் டாக்டர் சர்டிபிகேட்டில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள், மருந்தில் கட்டுப்பட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறார், அதற்குப் பிறகு ஏதாவது வந்திருந்தால் எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். சொல்லிவிட்டு அவர் ஒரு நொடி நின்று பார்த்தார். இவன் கண்ணாடியைத் துடைத்தான். சுவரில் மூக்கை வைத்து மோந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு பெரிய மனுஷன் எழுந்துபோய்க் கோர்ட் சுவரை மோந்து பார்ப்பதைப் பெரியம்மா தரப்பு வக்கீல் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு சேர்ந்து வாசனை கொஞ்சம் விலகின மாதிரியும் இருந்தது. எதிர்க்கோடியில் தைரியநாதன் கையை ஆட்டினான்.

எதிர்த்தரப்பு என்றால் அவ்வளவுதான், பிலோமி அக்காவும் அவள் புருஷன் தைரியநாதனும். மதலேனின் கூடப்பிறந்த அக்கா. முத்தியால்பேட்டையில் சொந்த வீடு, டயர் கடை, பிள்ளையில்லை. காலையில் படியேறும்போதே தைரியநாதன் தோளில் கைபோட்டு, "சகல, நீயும் நானும் இன்னிக்கு எதிர்க்கட்சி, ஒரே பெஞ்சுல உக்காரக் கூடாதாம், வக்கீலு கண்டிஷனா சொல்லிட்டாரு, டீ குடிக்கலாமான்னு கேட்டேன், அதுக்கு அந்தாளு பதிலே சொல்லல" என்றான். அக்கா ஒரு டிபன் டப்பாவை நீட்டினாள், இடியாப்பம், தேங்காய்ப்பால் தனியாக. மாத்திரை போட்டீங்களா தம்பி, வெறும் வயித்துல போட்டிருப்பீங்க என்றாள். தன் மேல் வழக்குப் போட்டவளின் இடியாப்பத்தைத் தின்றுவிட்டுத்தான் அவன் இங்கே உட்கார்ந்திருக்கிறான். கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். குழந்தையைப் போன சனிக்கிழமை கூட்டிப்போனதைப் பற்றி எதையோ சொல்லிக்கொண்டே வந்தவள், நடுவில் சாதாரணமாக, வெயிலைப் பற்றிச் சொல்கிற மாதிரி, ஒன்று சொன்னாள். "எங்க வீட்டுக்கு வந்தா அப்படித் தூங்குறா தம்பி. ஞாயித்துக்கிழமை பூசைக்கு எழுப்புறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்குது. வாயத் தொறந்துக்கிட்டு, கையக் கால விரிச்சுக்கிட்டு, போர்வை எங்கேயோ கிடக்கு." அவன் உம் என்றான். இடியாப்பம் நல்லாயிருக்கா என்றாள். நல்லாயிருக்கு என்றான். தூங்குறா. அவன் வீட்டில் எலீஸ் அப்படித் தூங்கிப் பார்த்ததில்லை. ராத்திரி அவன் புரண்டு படுத்தால் கதவோரம் ஒரு நிழல் நிற்கும். என்னம்மா என்றால் தண்ணீ குடிக்க வந்தேன் என்பாள். சமையல்கட்டு வீட்டின் மறுகோடியில் இருக்கிறது.

அம்மாவைப் புதைத்த அன்றைக்கு மாமா வீட்டில் அவனைப் படுக்கவைத்தார்கள். இதை அவன் மதலேனிடம்கூடச் சொன்னதில்லை. வீடு முழுக்க அழுகை, சின்ன மாமி மாரில் அடித்துக்கொள்கிறாள், பாய் புதுசு, கோரை குத்துகிறது. அவன் படுத்தான். காதைத் தீட்டிக்கொண்டு படுப்பதுதான் அவனுக்குப் பழக்கம், பக்கத்துப் பாயில் மூச்சு எப்படிப் போகிறது, பல் கடிக்கிற சத்தம் வருகிறதா, ஆணி எந்தப் பக்கம். அன்றைக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று உடம்புக்குத் தெரிந்ததும் அது அப்படியே விழுந்தது. விடிய விடியத் தூங்கினான். அந்த மாதிரி ஒரு தூக்கத்தை அதற்கு முன்னும் தூங்கவில்லை, பின்னும் தூங்கவில்லை. காலையில் எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரிவதற்கு முன், உடம்பு லேசாக இருந்தது. அதற்குப் பிறகு தெரிந்தது. மாமாவின் அந்தப் பேச்சு எப்போது வந்தது, தூங்குவதற்கு முன்னாலா, தூங்கி எழுந்த பிறகா? இவ்வளவு காலமாக அதை முதல் நாளில் வைத்துத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒருவேளை மறுநாள் காலையில் சொல்லியிருந்தால்? அவன் லேசான உடம்போடு முற்றத்துக்கு வந்து நின்றபோது? ஆனால் பெட்டி பக்கத்தில் இருந்ததே. பெட்டி இருந்ததா, அல்லது பெட்டி வைத்திருந்த ஸ்டூல் மட்டும் இருந்ததா. கேட்க ஆளில்லை. தூங்கினதற்காகத்தான் அந்தப் பேச்சை விடாமல் வைத்துக்கொண்டானோ என்று இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, முதல் தடவையாக, தோன்றுகிறது. தோன்றியதும் அவன் அதைக் கையை வைத்துத் தள்ளினான். கை மூடியிருந்தது.

உள்ளே என்ன கேட்பார்கள். அப்பா உன்னை நல்லாப் பாத்துக்கிறாரா? பாத்துக்கிறார். என்ன சமைப்பார்? முட்டை தோசை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாம போகுமா? அந்த இடத்துக்கு வந்திருப்பார்களா? மூன்று வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் தோசை வெந்துகொண்டிருந்தபோது வந்தது. ஈரச் சாக்பீஸ், அவ்வளவுதான் ஞாபகம். கண்ணைத் திறந்தபோது அடுப்பு அணைந்திருந்தது, சிலிண்டர்கூட மூடியிருந்தது. தலைக்குக் கீழே அவளுடைய ஸ்வெட்டர். வாயைத் துடைத்திருந்தாள், தரையையும் துடைத்திருந்தாள், வேட்டியில் ஈரமான இடத்தின் மேல் ஒரு துண்டை விரித்துப் போட்டிருந்தாள், அவன் பார்த்து வெட்கப்படக் கூடாது என்பதற்காக. பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாவி இருந்த அவன் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். "முடிஞ்சிருச்சுப்பா" என்றாள். பயந்த முகமாக இருந்திருந்தால் அவன் தேற்றியிருப்பான். அது வேலை முடித்த முகம், ராத்திரி டூட்டி பார்த்துவிட்டுக் காலையில் பஸ்ஸுக்கு நிற்கிற நர்ஸ்களின் முகம். அந்த முகம் அவனுக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறான், பத்து வயசில். சாயங்காலம் பெரியம்மா போன் பண்ணினாள். அப்பா குளிக்கிறாங்க என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு அவனிடம் வந்து, பெரியம்மாகிட்ட சொல்லலப்பா என்றாள். சொல்லாதே என்று அவன் சொல்லவில்லை. சொல்லு என்றும் சொல்லவில்லை. தோசை ஒரு பக்கம் கருகிப்போச்சு, வேற ஊத்தட்டுமா என்று கேட்டான். அந்தக் கேள்வியில் எல்லாம் அடங்கிவிட்டது, அவளுக்குப் புரிந்துவிட்டது.

அப்படியானால் இப்போது, இந்தக் கதவுக்குப் பின்னால், அவள் அவனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இரும்பு கையில் இல்லாமல், அதை இவனிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு போய் ஒரு பெரிய மனுஷிக்கு எதிரே உட்கார்ந்து. இரும்புக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் தானாக நிற்பது என்று இப்போது சொல்லிக்கொடுக்கலாம். காந்தத்தையும் வைத்து, கரும்பலகையில் எழுதி. அவள் கேட்பாள், அப்ப நான் உக்காந்திருந்தது சும்மாவா? சொல்லாமல் விட்டால், ஒருநாள் அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, எழுந்து நின்று எதையோ ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது நடக்கும். துக்க வீட்டில் வாயில் வந்ததைச் சொல்வதற்கு ஒரு ஆள் எப்போதும் உண்டு. தைரியநாதனே சொல்லலாம், நல்ல மனசோடு, அழுதுகொண்டே. அவள் அதை எடுத்து வைத்துக்கொள்வாள். அவளுக்கும் மறுபாதி கிடைக்காது. விட்டுக்கொடுத்தாலும் அதே கதைதானே, முத்தியால்பேட்டையில் கைகாலை விரித்துத் தூங்கிக்கொண்டிருக்கும்போது இங்கே நடந்தால்? தூங்கிக்கொண்டிருந்தேனே என்று ஆகாதா? ஆகும். ஆனால் தூங்கியிருப்பாள். அதுவரைக்கும் உள்ள ராத்திரியெல்லாம் தூங்கியிருப்பாள். ஆனால் அப்பா தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள், அம்மாவின் கதவுக்குப் பின்னால் அவன் நின்ற மாதிரி, ஆனால் நேர் மாறானதைக் கேட்பாள், மன்னிக்கமாட்டாள். மாட்டாள் என்று அவனுக்கே தெரியும், சந்தேகமே இல்லை என்று கொஞ்சம் முன்னால்தான் சொல்லிக்கொண்டான். என் புள்ள என்கூடத்தான் இருக்கும்ணா. அம்மா அதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கியதா? நடுங்கியிருக்கிறது. பையன் காதில் அது விழவில்லை. வாசனை மறுபடி வருகிறது, அல்லது சுவர்.

கதவு திறந்தது. எலீஸ் வாயில் ஒரு மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு வந்தாள், கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, சுண்டுவிரலிலிருந்து பிரித்தாள். சாவி இருந்தது. உள்ளங்கையில் அதன் வளையமும் பல்லும் அப்படியே பதிந்து சிவந்திருந்தன. அவள் அதை ஒரு விரலால் தடவிப் பார்த்தாள். அவன் காதுக்குக் கிட்டே வந்தாள், ஆரஞ்சு மிட்டாய் வாசனை.

"கேட்டாங்கப்பா. நான் சொல்லல."

"என்ன கேட்டாங்க?"

"அப்பாவுக்கு வருமான்னு. இப்பல்லாம் வர்றதே இல்லன்னு சொல்லிட்டேன்." மிட்டாயை அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள். "ஜட்ஜம்மா ரொம்ப நல்லவங்கப்பா. அவங்ககிட்ட சொல்லும்போதுதான் ஒரு மாதிரி இருந்துச்சு."

டவாலி அம்மா அவன் பேரைக் கூப்பிட்டாள். அந்தக் கோடியிலிருந்து பிலோமி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள், தைரியநாதன் உட்கார்ந்தபடியே சட்டைப் பொத்தானைப் போட்டான். எலீஸ் சாவியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள், இன்னொரு கை பாக்கெட்டை விரித்துப் பிடித்திருந்தது. சவரிராயன் விரல்களை மடக்கினான்.

"இருக்கட்டும். உள்ள போயிட்டு வந்து தர்றேன்."

அவள் யோசித்தாள். "அதுவும் சரிதான்" என்றாள், "உள்ள நான் வரமுடியாதுல்ல."

உள்ளே மின்விசிறி சுற்றியது. ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உட்காருங்க என்றார். கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டார். சவரிராயன் ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் நடந்ததை முதலிலிருந்து சொன்னான், துண்டு விரித்திருந்தது வரைக்கும். குழந்தை சொன்ன பொய் தன்னுடையது, அவளிடம் அதைப் பற்றிக் கேட்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். எலீஸின் நிரந்தரப் பொறுப்பு பிலோமி அக்காவுக்கே இருக்கட்டும், அங்கேதான் அவள் தூங்குகிறாள், தனக்குச் சம்மதம் என்றான். குமாஸ்தா அதை எழுதிக் கொண்டுவந்த காகிதத்தில் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டான், இடது கையால் காகிதத்தைப் பிடிக்காமல், வலது கையில் பேனாவையும் சாவியையும் சேர்த்துப் பிடித்தபடி. சாவியை அவன் எலீஸிடம் திருப்பித் தராமல் தன்னிடமே வைத்துக்கொண்டான்.